ஒளித் துறைக்குத் தொண்டை கட்டிய நாள்

பெரிய பல் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், ஒளித் துறை இருந்த தாழ்வாரத்தில் மட்டும் விளக்கு எரியாது. சாதாரண விளக்கு எரிவது லேசருக்கு மரியாதைக் குறைவு என்று துறைத் தலைவர் ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் அன்றைக்கே ஏணி போட்டு எல்லா பல்புகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஆகவே ஒளியைத் தேடி வருகிறவர்கள் சுவரைத் தடவிக்கொண்டுதான் வர வேண்டும். அப்படித் தடவிக்கொண்டு வந்தவர்களில் ஒருத்தி ஊசியக்கா.

ஊசியக்கா ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் பார்ப்பவள். கடையில் வாங்கிய பேன்ட் நீளமாக இருந்தாலோ, சட்டை தொளதொளவென்று தொங்கினாலோ, வாங்கியவரை ட்ரையல் ரூமில் கண்ணாடி முன்னால் நிறுத்தி, தரையில் முட்டி போட்டு, மடிக்க வேண்டியதை மடித்துக் குண்டூசி குத்துவாள். இரண்டு கைகளும் துணியில் இருக்கும்போது குண்டூசிகள் கீழுதட்டில் இருக்கும். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான்.

"அக்கா, இந்தச் சட்டையில தொப்பை மறையுமா?" என்று கேட்பார்கள்.

"மூச்சை வெளிய விடுங்க சார், அப்புறம் சொல்றேன்" என்பாள், உதட்டிலிருந்து ஓர் ஊசிகூட விழாமல்.

அவளுக்கு அந்த ஊரில் வேறு யாரும் இல்லை. தங்கை ஒருத்தி தொலைவில் குடும்பமும் பிள்ளைகளுமாக இருந்தாள். ட்ரையல் ரூமில் பேசுவதுதான் ஊசியக்கா நாள் முழுவதும் பேசுகிற பேச்சு. கடை மூடிய பிறகு அவள் வாய்க்கு வேலை சாப்பிடுவது மட்டும்தான்.

இப்படி இருக்கையில் கீழ்க் கடைவாயில் ஒரு பல் வலித்தது. பல் எழும்பாமல் சதைக்குள்ளேயே குறுக்கே படுத்துக்கொண்டிருக்கிறது என்று அதே பல் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் அறுத்து எடுத்தார்கள். மரப்பு சாயங்காலத்துக்குள் போய்விடும் என்றார்கள். சாயங்காலம் போனது, மரப்பு போகவில்லை. பல்லுக்கு அடியில் ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது, வந்தால் வரும், பொறுமையாக இருங்கள் என்று பிறகு சொன்னார்கள்.

கீழுதட்டின் ஒரு பாதியும் அதன் கீழே தாடையும் வேறு யாருடையதோ போல ஆகிவிட்டன. டீ குடித்தால் பாதி உதட்டில் சூடு தெரியும், மறுபாதியிலிருந்து எந்தத் தகவலும் வராது. சாப்பிடும்போது தாடையில் பருக்கை ஒட்டினால் தெரியாது. வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால் "தொடச்சிக்கோ" என்ற ஒரு சொல்லில் முடிந்துபோகிற காரியம். ஊசியக்கா முகம் பார்க்கும் கண்ணாடியை மேசைமேல் சாய்த்து வைத்து அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். எதிரே ஒருத்தி மென்றுகொண்டிருப்பது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு, கண்ணாடி இல்லாமல் சாப்பிட்டால் என்னவோ போல இருந்தது.

ஒருநாள் உதட்டில் ஒரு குண்டூசியோடு கடையிலிருந்து வீடு வரைக்கும் நடந்தே வந்துவிட்டாள். எதிரே வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் கடையில் ஒரு சம்பவம் நடந்தது. முட்டி போட்டு ஒருவருக்குப் பேன்ட் மடித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய வாயோரத்திலிருந்து எச்சில் வழிந்து அவர் ஷூவின்மேல் சொட்டியது. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, கஸ்டமர் ஷூ மேல எச்சில் ஒழுகியிருக்கு."

"தெரியல சார்."

"தெரியலன்னா எப்படி? ஒழுகுனது உன் வாய்தானே?"

"வாய் என்னுதுதான் சார். அந்தப் பக்கம் மட்டும் தெரியல."

மேனேஜர் அவள் முகத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. "சரி. கொஞ்ச நாள் பின்னாடி ரூம்ல உக்காந்து பட்டன் தையி. குணமாச்சுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. அப்புறம் ட்ரையல் ரூம்."

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. துணி மூட்டைகள் உண்டு. பட்டன் போன சட்டைகள் ஒரு பக்கக் குவியலிலிருந்து மறுபக்கக் குவியலுக்குப் போகும். அவற்றைக் கொண்டுவந்து போடுகிற ஆள் காதில் பாட்டு மாட்டியிருப்பான், தலையை மட்டும் ஆட்டுவான். சில நாள்களில் ஊசியக்கா காலையில் கதவைப் பூட்டி வெளியே வந்ததிலிருந்து இரவு கதவைத் திறக்கும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டாள். ஆகவே அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. உதடு திரும்ப வேண்டும். உதடு திரும்பினால் ட்ரையல் ரூம் திரும்பும். ட்ரையல் ரூமுக்கு மனுஷர்கள் வருவார்கள்.

மரத்துப்போன நரம்புக்கு லேசர் வைத்தியம் பார்க்கிற ஒளித் துறைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ரிட்டயரான லாரி டிரைவர். எல்லோரும் அவரை லாரியண்ணன் என்றார்கள்.

"என்னம்மா, உதடா நாக்கா?" என்று கேட்டார்.

"உதடுண்ணே."

"குடுத்து வச்சவ. எனக்கு நாக்கு. ஒரு பக்கம் உப்பு காரம் எல்லாம் தெரியும், இன்னொரு பக்கம் மண்ணு மாதிரி. நம்ம வீட்டுச் சமையலுக்கு அந்த இன்னொரு பக்கம்தான் வசதி."

ஊசியக்கா சிரித்தாள். சிரித்தால் உதடு கோணுகிறதோ என்று கையால் மூடிக்கொண்டாள்.

உள்ளே போனதும் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். லேசர் வெளிச்சம் கண்ணில் படக் கூடாதாம். கருவியை இயக்கும் டெக்னீஷியன் கண்ணாடி போட்டிருந்தான். கவுன்ட்டரில் இருந்த சிஸ்டர் போட்டிருந்தாள். தரை துடைக்கிற அம்மாள், துடைப்பது எந்த இடம் என்று தெரியாமல், போட்டிருந்தாள். சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த ஸ்தாபகர் படத்துக்கும் ஒரு கண்ணாடியை ஒட்டியிருந்தார்கள். பாதுகாப்பு விஷயத்தில் உயிரோடு இருப்பவர், இல்லாதவர் என்ற பேதம் பார்ப்பதில்லை என்று கீழே எழுதியிருந்தது.

டெக்னீஷியன் நல்ல பையன். பேனா போன்ற ஒன்றை அவள் தாடையில் வைத்தான்.

"வெளிச்சம் வருதா தம்பி?"

"வருதுக்கா. இது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

"சுடுமா?"

"சுடாது. குத்தாது. ஒண்ணுமே தெரியாது."

"எனக்கு இப்பவே அங்க ஒண்ணும் தெரியலயேப்பா."

"அதான்க்கா, இந்த வைத்தியத்துக்கு நீங்க ரொம்பப் பொருத்தமான ஆளு."

கருவி கொஞ்ச நேரம் 'கீ, கீ' என்று கத்திவிட்டு ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் சோதனை. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவன் ஒரு பஞ்சு இழையால் உதட்டிலும் தாடையிலும் அங்கங்கே தொடுவான். தெரிந்தால் ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். எத்தனை முறை விரல் எழுந்ததோ அதைக் கொண்டு கிராஃப் போடுவார்கள். கிராஃப் மேலே ஏறினால் நரம்பு குணமாகிறது என்று பொருள்.

இதில் ஒரு சிறிய விஷயம் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் அடுத்தவர் முகத்தில் கைவைக்கக் கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த பிள்ளை அவன். அதனால் ஒவ்வொரு முறை தொடும்போதும் மரியாதையாக, "தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே தொடுவான்.

ஊசியக்காவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் "தெரியுதா?" என்பது காதில் விழுந்தது. இவ்வளவு பணிவாக ஒருவன் கேட்கும்போது பேசாமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தயக்கமாக இருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவள் எந்த வாடிக்கையாளரையும் அனுப்பியதில்லை. விரலைத் தூக்கினாள்.

"சூப்பர்க்கா!" என்றான் அவன்.

அவளை யாரும் எதற்காகவும் சூப்பர் என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அடுத்த முறை கேட்டபோதும் தூக்கினாள்.

வெளியே வந்ததும் லாரியண்ணனிடம் மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியல. சும்மாதான் தூக்குனேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா. கேக்குறான், தூக்குறோம். தூக்கலன்னா அந்தப் புள்ள மொகம் சுண்டிப் போகுது. பாக்கச் சகிக்கல."

வாரா வாரம் வந்தாள். பஞ்சு படுவது தெரியாவிட்டாலும், படுகிறது என்பது தெரியும். ஒரு மனிதன் தன் முகத்துக்கு நேரே குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன்மேல் கவனமாக இருக்கிறான் என்பது தெரியும். பட்டன் தைக்கும்போது அடுத்த கிழமை எப்போது வரும் என்று அவளுக்கு இருந்ததற்கு வைத்தியம் மட்டும் காரணமில்லை.

இதற்கிடையில் துறைத் தலைவர் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் புறப்பட்டார். அந்தக் கருவியைப் பற்றிப் பேசத்தான். கருவிக்கு ஒரு சாவி உண்டு. சாவியைத் திருப்பாமல் லேசர் வராது. அந்தச் சாவியைத் தலைவர் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்தார். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்பார்கள். கழுத்தோடு சாவியும் விமானம் ஏறிவிட்டது.

துறையை மூடலாமா என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். "சிகிச்சை தடைப்படக் கூடாது. ஒளி மட்டும்தான் இல்லை. மற்ற எல்லாம் இருக்கிறதே?" என்று பதில் வந்தது.

ஆகவே மற்ற எல்லாம் நடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டார்கள். பேனாவைத் தாடையில் வைத்தார்கள். சாவி இல்லாமல் கருவி கத்தாது என்பதால், நோயாளிகளுக்கு நம்பிக்கை போய்விடக் கூடாதே என்று டெக்னீஷியன் தன் வாயாலேயே "கீ, கீ" என்றான். காலையிலிருந்து மாலைவரை பெஞ்சு நிறைந்த கூட்டத்துக்கு அவன் ஒருவனே கத்த வேண்டியிருந்தது.

"தொண்டை வலிக்கப்போகுதுப்பா" என்றாள் ஊசியக்கா.

"பரவால்லக்கா. வெளிச்சம் இல்லாத குறை தெரியக் கூடாதுல்ல?"

தெரியவில்லை. சாவி வெளிநாட்டில் இருந்த அந்தக் காலத்தில்தான் ஒளித் துறையின் கிராஃப் அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது. கருவியின் சத்தத்தைவிட அவன் சத்தம் தெளிவாக இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

தலைவர் திரும்பி வந்தார். கிராஃபைப் பார்த்தார். குணமடைந்தோர் பாராட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்தார். நரம்பு திரும்பியவர்கள் வரிசையில் ஊசியக்காவையும் உட்காரவைத்திருந்தார்கள். மேடையில் தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"சில பேர் கேக்குறாங்க, நீங்க நோயாளிகளைக் கேட்டீங்களா, அவங்க என்ன சொல்றாங்கன்னு. நான் திருப்பிக் கேக்குறேன். நோயாளின்னா யாரு? நோய் இருக்கறவரு. நோய் இருக்கறவரு சொல்றதை, நோய் இல்லாத நாம எப்படி அப்படியே நம்புறது? அது விஞ்ஞானமா? அதனால இந்தத் துறையில நாங்க நோயாளியை நம்புறதில்ல. நோயாளியோட விரலை நம்புறோம். விரலுக்கு ஆசாபாசம் கிடையாது. நான் இல்லாதப்போ இந்தத் துறை இருட்டுல கிடக்கும்னு எதிர்பார்த்தவங்க உண்டு. நான் இல்லாதப்போதான் இது இன்னும் பிரமாதமா நடந்திருக்கு. அதுக்கு முழுக் காரணமும் நான்தான்."

கைதட்டல் அடங்கியதும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஊசியக்கா வாங்கிக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "ஐயா, எனக்கு இன்னும் அந்த இடம் தெரியலயே" என்றாள்.

தலைவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே கேட்டார். "விரலைத் தூக்குனீங்களா இல்லையா?"

"தூக்குனேன்."

"அப்ப உங்களவிட உங்க விரலுக்கு விவரம் ஜாஸ்தி. நகருங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

அன்றிரவு தங்கை கூப்பிட்டாள். "அக்கா, ஃபோட்டோ பாத்தேன்! மேடையில எல்லாம் ஏறியிருக்க. என் பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடக் காட்டுனேன்."

"சரியாகலடி."

"என்ன சரியாகல? அதான் எழுதியே குடுத்துட்டாங்களே."

"எழுதிக் குடுத்துட்டாங்க. உதட்டுக்கு இன்னும் தெரியல."

"நீ எப்பவும் இப்படித்தாங்கா. ஒரு நல்லது நடந்தா சந்தோஷப்படத் தெரியாது. இரு, குக்கர் கத்துது, அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் வரவில்லை.

சான்றிதழைப் பார்த்ததும் மேனேஜர் அவளை ட்ரையல் ரூமுக்கு மாற்றினார். ஊசியக்கா தானாகவே எச்சரிக்கையாக இருந்தாள். குண்டூசியை உதட்டில் வைக்காமல் மணிக்கட்டில் ஒரு பஞ்சுத் திண்டைக் கட்டி அதில் குத்திக்கொண்டாள். அடிக்கடி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அப்படியும் மூன்றாம் நாள், கல்யாணத்துக்குக் கோட்டு வாங்க வந்த ஒருவர் தன் மாமனாரைப் பற்றிச் சொன்ன ஜோக்குக்கு அவள் மெய்மறந்து சிரித்தபோது, கோட்டின் கைமேல் எச்சில் விழுந்தது. இவ்வளவு நாள் கழித்து ஒருவர் அவளிடம் ஜோக் சொன்னார் என்பதுதான் அதில் நடந்த தவறு.

மேனேஜர் சான்றிதழை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"முன்னாடி ஒழுகுச்சு. தெரியாம ஒழுகுதுன்னு விட்டுட்டேன். இப்ப உனக்கு எல்லாம் தெரியுதுன்னு பெரிய டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்ப நீ தெரிஞ்சேதான ஒழுக விட்டிருக்க?"

"இல்ல சார், அந்தச் சான்றிதழ்..."

"பொய்யிங்கறியா? ஆஸ்பத்திரி முத்திரை இருக்கு, பாரு."

"முத்திரை நிஜம்தான் சார்."

"அப்ப? எனக்குத் தெரியாது. இனிமே சாதாரணமா குணமானா பத்தாது. நல்லா குணமாச்சுன்னு எழுதி வாங்கிட்டு வா."

மறுபடியும் பின்னறை. மறுபடியும் பட்டன்.

அடுத்த கிழமை ஊசியக்கா சுவரைத் தடவிக்கொண்டு ஒளித் துறைக்குப் போனாள். சிஸ்டர் அவள் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "நீங்க குணமாயிட்டீங்களே. குணமானவங்களுக்கு இங்க சேர் கிடையாதும்மா" என்றாள்.

"நம்ம பொண்ணு சிஸ்டர். அது குணமானது கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிருச்சு, உள்ள விடுங்க" என்று லாரியண்ணன் பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தார். அவர் நகர்ந்து இடம் விட்டார். ஊசியக்கா உட்கார்ந்தாள்.

அன்று துறையில் ஏதோ சரியில்லை. உள்ளே போனவர்கள் ஒவ்வொருவரும் குழப்பமாக வெளியே வந்தார்கள். ஓர் அம்மாள் அழுதுகொண்டு வந்தாள். லாரியண்ணன் போய்விட்டு வந்து தலையைச் சொறிந்தார்.

"என்னண்ணே?"

"என்னத்தச் சொல்ல. போனேன், கண்ண மூடினேன், நாக்கை நீட்டுனேன். ஒரு சத்தத்தையும் காணோம். அப்படியே தூங்கிட்டேன் போல. சிஸ்டர் எழுப்பி, ஒரு விரல்கூடத் தூக்கலியேன்னு திட்டுது. கேட்டாத்தானே தூக்க?"

டெக்னீஷியனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சாவி இல்லாத நாள்களில் கத்திய கத்தல் இப்போது வேலையைக் காட்டியிருந்தது. கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருந்தான். ஊசியக்காவைப் பார்த்ததும் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. கையால் 'உட்காருங்கக்கா' என்று காட்டினான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேள்விக்காகக் காத்திருந்தாள். கேள்வி வரவில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் யாரோ செருப்பை இழுத்து நடந்தார்கள். பின்னறையில் இருக்கும் அதே அமைதி இங்கேயும் வந்து உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது வாயோரத்துக்குக் கீழே ஏதோ ஒன்று நடந்தது. தொடுதல் என்று சொல்ல முடியாது. அடுத்த அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினால் சுவர் வழியே உணர்வோமே, அதுபோல. அவள் தூக்க வேண்டும் என்று நினைக்கவே இல்லை. விரல் தானாக எழுந்தது.

மறுபடி அமைதி. பிறகு தாடையில், சற்றுத் தள்ளி, எறும்பு ஒரு கால் வைத்து எடுத்தது. விரல் எழுந்தது. அதற்கப்புறம் வெகு நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் எறும்பு.

கண்ணைத் திறந்தாள். டெக்னீஷியன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பஞ்சு இழையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். அவன் வாய் திறந்திருந்தது. அவளைப் பார்த்துத் தன் தாடையைத் தொட்டுக் காட்டினான். இங்கேயா? அவள் ஆமாம் என்றாள். இன்னோர் இடத்தைக் காட்டினான். இல்லை என்றாள். மறுபடி கண்ணை மூடச் சொல்லி மறுபடி தொட்டான். சில இடங்களில் விரல் எழுந்தது, சில இடங்களில் எழவில்லை. எழுந்தபோதெல்லாம் பஞ்சு அங்கேதான் இருந்தது. இத்தனை காலம் அந்த வேலையில் இருந்தும், ஒரு நரம்பு திரும்பி வருவதை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் சூப்பர்க்கா என்று கத்தப் பார்த்தான். "கீ" என்றுதான் வந்தது.

அதற்குள் தாழ்வாரத்தில் தலைவரின் குரல் கேட்டது. ஒரே நாளில் எல்லா நோயாளிகளும் படுத்துவிட்டார்கள், கிராஃப் தரையில் விழுந்துவிட்டது என்று சிஸ்டர் போன் செய்து வரவழைத்திருந்தாள். அவர் கறுப்புக் கண்ணாடியோடு இருட்டில் நின்று, பெஞ்சுக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"யாரும் பயப்படாதீங்க. கருவி நல்லா இருக்கு. வெளிச்சம் வருது. நேத்து வரைக்கும் குணமாயிட்டிருந்த எல்லாரும் இன்னிக்கு ஒரே அடியா விழுந்துட்டாங்கன்னா என்ன மாறியிருக்கு? டெக்னீஷியனோட தொண்டை. வெளிச்சம் ஓர் அலை. குரலும் ஓர் அலை. இவ்வளவு நாளா நரம்பைக் குணப்படுத்துனது வெளிச்சம் மட்டும்னு நினைச்சிட்டிருந்தோம். கூடவே குரலும் வேலை பார்த்திருக்கு! இதை நான் அடுத்த மாநாட்டுல சொல்லப்போறேன். உலகத்துல யாரும் இதைக் கண்டுபிடிக்கல."

யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை என்பது உண்மைதான்.

டெக்னீஷியன் ஊசியக்காவோடு வெளியே வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். ஊசியக்காவைக் காட்டினான், தாடையைத் தொட்டான், விரலைத் தூக்கினான், மறுபடி ஊசியக்காவைக் காட்டினான்.

"என்ன சொல்றான் இவன்?"

ஊசியக்காவே சொன்னாள். ஒரு கூட்டத்துக்கு நடுவில் அவள் குரல் எடுத்துப் பேசுவது அதுதான் முதல் தடவை. "ஐயா, எனக்கு இன்னிக்கு நிஜமாவே தெரிஞ்சுது. தம்பி கேக்கல. கேக்காமலே தெரிஞ்சுது."

தலைவர் குரல் வந்த திசைக்குத் திரும்பினார். "இன்னிக்கு யாருக்கும் தெரியக் கூடாதும்மா. கருவியில ஒரு பாகம், அதாவது தொண்டை, பழுதான நாள். பழுதான நாள்ல வந்தது எதுவும் செல்லாது. எல்லாத்தையும் ரத்து பண்ணியாச்சு. உங்க பேரு?"

சிஸ்டர் சொன்னாள்.

"பாத்தீங்களா? நீங்க போன மாசமே குணமானவங்க. மேடையில நானே கையால குடுத்திருக்கேன். ஏற்கெனவே குணமானவங்க இன்னிக்கு எப்படிக் குணமாக ஆரம்பிக்க முடியும்? ஒண்ணு அன்னிக்கு நான் சொன்னது தப்பா இருக்கணும், இல்லன்னா இன்னிக்கு உங்களுக்குத் தெரிஞ்சது தப்பா இருக்கணும். நீங்களே யோசிங்க."

ஊசியக்கா யோசித்தாள். "கடையில காட்ட ஒரு கடுதாசி மட்டும் குடுத்தாப் போதும்யா. நல்லா குணமாகுதுன்னு."

"அடுத்த வாரம் ஸ்பீக்கர் வருது. அதுல பாத்துட்டுத் தாராளமா தரேன்."

அடுத்த வாரம் ஸ்பீக்கர் வந்தது. டெக்னீஷியனின் பழைய குரலைத் துறையின் பதிவுகளிலிருந்து எடுத்து அதில் ஏற்றியிருந்தார்கள். அவனைத் தொண்டைக்கு ஓய்வு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குரல் இருக்கும்போது ஆள் எதற்கு என்று தலைவர் கேட்டாராம். ஆள் இல்லாததால் பஞ்சும் வாங்கவில்லை.

நோயாளிகள் வரிசையாக உள்ளே உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். "தெரியுதா?" என்றது ஸ்பீக்கர். விரல்கள் எழுந்தன. சற்று நேரம் விட்டு, அதே பணிவோடு, "தெரியுதா?" என்றது. விரல்கள் எழுந்தன. லாரியண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்த ஊசியக்காவைப் பார்த்தார். அவள் கை மடியில் கிடந்தது.

"தூக்கும்மா" என்று கிசுகிசுத்தார்.

"யாரும் தொடலயேண்ணே."

"தொட்டப்ப மட்டும் எங்களுக்குத் தெரிஞ்சுதா? தூக்கு. கடுதாசி வாங்கிட்டுப் போய் உன் பொழப்பைப் பாரு."

அவர் சொன்னது சரி. கடுதாசியில் எழுதப்போவதுகூட இந்த முறை பாதி உண்மையாகத்தான் இருந்திருக்கும். விரலைத் தூக்க வேண்டும் என்று ஊசியக்காவும் நினைத்தாள். ஸ்பீக்கர் கேட்டது. அவளுடைய தாடை, அந்த எறும்புக் கால் மறுபடி வருமா என்று, முகம் முழுவதையும் நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தது. அது வரவில்லை. ஒன்றும் வராத இடத்தில் வந்தது என்று சொல்ல அந்த உதட்டுக்கு இப்போது முடியவில்லை. விரல் எழவில்லை. அதில் அவளுக்கே வருத்தம்தான்.

சிஸ்டர் அவளுடைய கடுதாசியை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். முன்பு குணமாகி இருந்தவர் தற்போது முற்றிலும் உணர்விழந்து காணப்படுகிறார், பின்னறை வேலைக்கு ஏற்றவர் என்று இருந்தது. பின்னறை என்ற சொல் எப்படி வந்தது என்று கேட்டாள். அவள் தொழிலைப் பற்றி முதல் நாள் அவளே சொன்னதுதானாம். இந்த ஆஸ்பத்திரியில் எதையும் மறக்க மாட்டார்கள் என்றாள் சிஸ்டர், பெருமையாக.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடுதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள். நாளைக்கு எந்த நிறப் பட்டன் முதலில் வரும் என்று நினைத்துப் பார்த்தாள். தங்கைக்குச் சொல்லலாமா என்று போனை எடுத்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் உள்ளே போட்டுவிட்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் ஏதோ ஃபாக்டரி யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் ஏறிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேலை முடித்து வருகிறவள். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். ஒரு வளைவில் தலை சாய்ந்து ஊசியக்காவின் தோளில் இறங்கியது. எண்ணெயும் இரும்புமாக ஒரு வாசனை. ஊசியக்கா அசையாமல் இருந்தாள்.

ஜன்னல் காற்றில் அந்தப் பெண்ணின் கலைந்த முடி பறந்து ஊசியக்காவின் தாடையில் பட்டது. போனது. மறுபடி பட்டது. ஊசியக்கா கண்ணை மூடிக்கொண்டாள். வாயோரத்துக்குக் கீழே, இங்கே ஒன்று. அங்கே ஒன்று. இப்போது இல்லை. இப்போது.

எத்தனையோ நிறுத்தங்களுக்குப் பிறகு பஸ் குலுங்கி நின்றதில் அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்தாள்.

"ஐயோ, சாரிக்கா. உங்க மேலயே விழுந்துட்டேன். எழுப்பியிருக்கலாம்ல?"

"பரவால்லம்மா."

"முடி வேற மூஞ்சியெல்லாம் படுது. கூசலையா?" அவள் கையைத் தூக்கி முடியை அள்ளி முடியப் போனாள்.

"கூசுது" என்றாள் ஊசியக்கா. "இருக்கட்டும், நீ தூங்கு."

"நீங்க எங்க இறங்கணும்?"

ஊசியக்கா வெளியே பார்த்தாள். அவள் பார்த்தே இராத தெருக்கள் போய்க்கொண்டிருந்தன.

"இன்னும் தூரம் இருக்கு" என்றாள்.